ஆத்தா பேசாத பேச்சு

தனுஜாவுக்குச் சாமி வந்தது என்று எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இன்றைக்கும் பேசுவார்கள். சாமியும் வரவில்லை, பூதமும் வரவில்லை. அதை அவளே ஆத்தா கோயிலில் சூடத்தை உள்ளங்கையில் ஏற்றி வைத்துக்கொண்டு சொன்னாள். அதற்குப் பிறகும் பேசுகிறார்கள் என்றால் நம் சனங்களை என்ன செய்வது? அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன். நான் அதே தோட்டத்தில் ஆட்டோ ஓட்டுகிறவன். அன்றைக்குக் கோயில் தூணில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் பார்த்தவன்.

பண்டாரவளையிலிருந்து பூனாகலைக்குப் போகிற பாதையில் ஒரு முடக்கில் இறங்கி மேலே ஏறினால் எங்கள் மேற்கணக்கு, தோட்டத்தின் மேல் பிரிவு. அங்கே வரிசை வீடுகளான லயங்களில் தனுஜா நடு லயத்துக்காரி. அப்பா இல்லை. அம்மா நல்லம்மா கொழுந்து எடுக்கிறவர். அண்ணன் ஜெயகுமாருக்குக் கொழும்பில் கடை வேலை. தனுஜா ஏ.எல். வரை படித்துவிட்டு பண்டாரவளையில் ஒரு போட்டோகொப்பிக் கடையில் வேலை பார்க்கிறாள். மூன்று பாசையிலும் டைப் அடிப்பாள், நாலாவதாக ஒன்று இருந்தால் அதிலும் சண்டை போடுவாள். அப்படி ஒரு வாய்.

அந்த வாய்க்கு வேலை கொடுத்தது ஒரு விளையாட்டு. பதுளையில் பிரசாந்தினி என்று ஒரு பெண், யாழ்ப்பாணத்துப் பக்கம், ஏதோ அரசாங்கக் கந்தோரில் வேலை. ஒரு கம்பியூட்டர் கோர்ஸில் இருவரும் பழக்கம். பௌர்ணமி லீவான போயா நாளில் பிரசாந்தினியும் தனுஜாவும் இன்னும் இரண்டு பேரும் போனில் ஒன்றாகச் சேர்வார்கள். படம் கிடையாது, சுடுகிறது வெட்டுகிறது கிடையாது. பிரசாந்தினி ஒரு கற்பனை உலகத்துக் கதையைச் சொல்லிக்கொண்டே போவாள். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்து, அந்த ஆளாகவே பேச வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. இதற்காகத் தனுஜா சோற்றைக்கூட மறந்துவிடுவாள்.

அவள் எடுத்த பாத்திரம் வேங்கையாள். குன்றர் என்கிற மலைச் சாதிக்காரி, மலைக்கோட்டை வாசலுக்குக் காவல். கீழே ஆற்றார் என்று வேறொரு இனம், அவர்களுக்கு வேறு சாமி. ஆட்டம் தொடங்கும் முன்னால் பிரசாந்தினி கேட்டாளாம்:

"உம்மட ஆள் மற்ற இனத்து ஆக்கள எப்பிடிப் பாப்பா? வேற சாமியக் கும்பிடுற ஆக்கள் வாசல்ல வந்து நிண்டா என்ன செய்வா? அது தெரியாமல் விளையாடேலாது."

"உள்ள விட மாட்டா அக்கா."

"ஏன் விடமாட்டா? காரணம் வேணும்."

காரணமா இல்லை? குழாயைத் திறந்த மாதிரி கொட்டினாளாம் தனுஜா. ஆற்றார் கால் பட்ட இடத்தில் கொழுந்து தளிர்க்காது. அவர்கள் சாமிக்கு உருவம் கிடையாது, உருவம் இல்லாததற்குக் கண்ணும் கிடையாது, நாம் அழுதால் தெரியாது. நாம் வெட்டின பாதையில் வந்து நம்மிடமே விற்பார்கள். இப்படி ஒவ்வொன்றாக. பிரசாந்தினி அசந்துபோனாள். "எங்கயிருந்து உமக்கு இதெல்லாம் வருது? எனக்கு யோசிச்சாலும் வராது" என்றாள். தனுஜாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

எனக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. தனுஜாவின் பாட்டன் பூட்டன் எல்லாரும் இந்த மலையில் செத்தவர்கள், ஆனால் அவள் படுக்கிற ஒற்றை அறைக் காம்பிராவுக்கு அடியில் ஒரு சாண் மண்கூட அவள் பேரில் இல்லை. டவுனில் கொஞ்சம் சத்தமாகப் பேசினால் 'தோட்டக்காட்டு ஆள்' என்று இளப்பமாகச் சொல்வார்கள். அப்படிப்பட்டவளுக்கு 'இது என் மலை, நீ யார்?' என்று கேட்கிற ஒரு வாய் கிடைத்தால் விடுவாளா? வேங்கையாளாகப் பேசும்போது உடம்பெல்லாம் சூடு ஏறும் என்று என்னிடமே சொல்லியிருக்கிறாள்.

அந்தப் போயாவுக்கு முந்தியே மழை பிடித்திருந்தது. விட்டு விட்டு இல்லை, ஒரே பிடியாக. போனுக்கு மண்சரிவு எச்சரிக்கை வந்துகொண்டிருந்தது. மேல் லயத்துக்குப் பின்னால் நிலத்தில் வெடிப்பு தெரிந்ததால் அங்கே இருந்தவர்களைப் பள்ளிக்கூடத்துக்கு இறக்கிவிட்டார்கள். மீரியபெத்தவில் மலை சரிந்து லயங்களை மூடின பிறகு எங்கள் பக்கத்தில் மழை என்றால் யாரும் சரியாகத் தூங்குவதில்லை. கோயில் கமிட்டித் தலைவர் அழகர், முன்பு கங்காணியாக இருந்தவர், தன் தங்கையை அங்கே மண்ணுக்குக் கொடுத்தவர். மழை பெய்தால் வாசலில் நின்று மலையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

போயா அன்று மத்தியானம். தனுஜா தலைக்குக் குளித்துவிட்டு, முடியை விரித்துப் போட்டுக்கொண்டு, காம்பிராவில் நின்றபடி விளையாடிக்கொண்டிருந்தாள். இயர்போன் இரண்டும் முடிக்குள்ளே. கதையில் வெள்ளம் வந்து, ஆற்றார் கூட்டம் கூட்டமாக மலைக்கோட்டை வாசலில் வந்து நிற்கிறார்கள். திறக்கச் சொல்லிக் கெஞ்சுகிறார்கள். வேங்கையாள் திறக்க மாட்டேன் என்கிறாள். லயத்துக் காம்பிராக்களுக்கு நடுவே சுவர் உண்டு, சுவருக்கும் தகரத்துக்கும் நடுவே வெறும் காற்றுதான். பக்கத்துக் காம்பிராவில் இருந்த கலாராணிக்குக் கேட்டதெல்லாம் ஒரு பக்கம் மட்டும்.

"நான் இந்த மலைக்குக் காவல்! என்னைக் கேக்காம எவன்டா இங்க காலை வச்சது? வேத்தாளை எறக்கு! எறக்கலேன்னா மலை எறங்கும்!"

கலாராணி ஓடிவந்து ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். விரிந்த முடி, மூடின கண், நடுங்குகிற கை, ஆளே மாறின குரல். பௌர்ணமி வேறு. நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். தனுஜா கண்ணைத் திறந்தபோது காலடியில் கலாராணி விழுந்து கிடக்கிறாள், பின்னால் நாலு பொம்பளைகள் வேப்பிலையும் மஞ்சள் தண்ணியுமாக.

"ஐயோ, எந்திரிங்க அக்கா! இது கேமு!"

"ஆத்தா மலையேறிட்டா" என்றாள் கலாராணி, எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு.

இனி என்ன சொல்லி என்ன? சாமி வந்தவளுக்குத் தான் பேசினது ஞாபகம் இருக்காது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 'சாமி வரவில்லை' என்று அவள் மறுக்க மறுக்க, 'பாத்தியா, அவளுக்கு ஒண்ணுமே தெரியல' என்று சாட்சி பலமாகிக்கொண்டே போனது. போனைக் காட்டினாள், 'பாவம், புள்ள பயந்துபோயிருக்கு' என்றார்கள். பொழுது சாய்வதற்குள் வேங்கையாளின் வசனம் ஒவ்வொன்றும் தோட்டம் முழுக்கப் பரவிவிட்டது.

வேற்றாள் என்றால் யார்? எங்கள் மேற்கணக்கில் வேற்றாள் ஒருத்தர்தான், முஸ்லிம் கடைக்காரர். ஜெஸீம்.

கோயிலுக்குக் கீழே பஸ் நிற்கிற இடத்தில் கோயில் கட்டிவிட்ட கடையை வாடகைக்கு எடுத்து நடத்துகிறவர். அவரும் மனைவியும் கடைக்குப் பின்னாலேயே குடியிருக்கிறார்கள். அவர் தருகிற வாடகையில்தான் ஆத்தாவின் விளக்கே எரிகிறது, அதை யாரும் அன்றைக்கு நினைக்கவில்லை. தனுஜா ஏ.எல். படித்த காலத்தில் காலையில் அவள் படி இறங்கி வரப் பிந்தினால், ஜெஸீம் ரோட்டுக்கு இறங்கி பஸ்ஸை மறித்து நிற்பார். "புள்ள வருது, கொஞ்சம் பொறுங்க" என்று டிரைவரிடம் சிரித்துச் சிரித்துக் கெஞ்சுவார். பரீட்சை எழுதின அவ்வளவு நாளும் அப்படித்தான். தனுஜா அவரை 'நானா' என்பாள், முஸ்லிம் சனங்கள் பேச்சில் அண்ணன்.

மறுநாள் பொடியன்கள் கடைக்கு முன்னால் நின்று, "சிரிச்சுக் குடுக்கிறவன் கையை நம்பாதே! சிரிப்புக்கு அடியில நம்மள எடை போடுறான்!" என்று கத்தினார்கள். அதுவும் வேங்கையாள் சொன்னதுதான். அடுத்த நாள் அந்தியில் கூரையில் கல் விழுந்தது. ஜெஸீமின் மனைவி பையைத் தூக்கிக்கொண்டு வெலிமடையில் தாய் வீட்டுக்குப் போய்விட்டார். மழை விடவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு மண்மேடு சரிந்தது, ஆளுக்குச் சேதமில்லை. ஆனால் பயத்துக்கு அது போதும். வெள்ளிக்கிழமை கோயிலில் கூட்டம், ஜெஸீம் சாவியோடு வர வேண்டும் என்று கமிட்டி ஆள் அனுப்பியது.

அதே பொடியன்கள் என் ஆட்டோவுக்குப் பக்கத்தில் நின்று, வெள்ளிக்குப் பிறகும் அவர் போகாவிட்டால் கடையைக் கொளுத்தலாமா என்று பேசியதை என் காதால் கேட்டேன். போய்த் தனுஜாவிடம் சொன்னேன்.

"எதையாவது செஞ்சு நிப்பாட்டணும் அண்ணே" என்றாள்.

வீட்டில் அம்மா ஒரு பக்கம். நல்லம்மாவுக்கு மகளின் மறுப்பு பிடிக்கவில்லை. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டில் அன்றுவரை பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் இப்போது 'அம்மா' என்கிறார்கள், குழாயடியில் ஒதுங்கி இடம் விடுகிறார்கள். "நீ சும்மா இரு. ஆத்தா எறங்கின வீடுன்னு கும்பிடுறாங்க. உனக்கு எங்க வலிக்குது?" என்று கேட்டார். தனுஜா சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டாள்.

இன்னொரு பக்கம் பிரசாந்தினி. போனில் சொன்னாள்: "ஒண்டு செய்யும். கோயிலில சாமி வந்த மாதிரி ஆடும். ஜெஸீம் என்ர பிள்ளை, அவர் இருக்கட்டும் எண்டு சொல்லிவிடும். உமக்கு நடிக்கத் தெரியாதா?"

நானும் அதைத்தான் சொன்னேன். சுலபமான வழி, யாருக்கும் நோகாது. தனுஜா தலையை ஆட்டி மறுத்தாள்.

"ஒரு தடவை ஆத்தாவா நின்னுட்டா, அப்புறம் ஆயுசுக்கும் நிக்கணும் அண்ணே. நாளைக்கு வேற யாரையாவது எறக்கலாமான்னு கேட்டு வருவாங்க. என்னால முடியாது."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயில் நிறைந்துவிட்டது. மழை தகரத்தில் விழுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவர் பேசுவதே கேட்கவில்லை. ஜெஸீம் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, உள்ளே ஏறாமல் படிக்கட்டில் நின்றார். கையில் சாவிக்கொத்து. சட்டை தோளில் நனைந்து ஒட்டியிருந்தது. யாரும் அவருக்குக் குடை பிடிக்கவில்லை.

அழகர் தொண்டையைச் செருமினார். "ஆத்தா வாக்கு குடுத்துட்டா. நாம எல்லாம்…"

"குடுக்கல மாமா."

தனுஜா முன்னால் வந்து நின்றாள். பூசாரியின் தட்டிலிருந்து ஒரு கட்டிச் சூடத்தை எடுத்து இடது உள்ளங்கையில் வைத்தாள். ஒரு திரியை விளக்கில் பற்றவைத்துச் சூடத்தை ஏற்றினாள். எங்கள் கோயிலில் சூடம் ஏற்றிப் பொய் சொன்னவர் யாரும் கிடையாது.

"போயாவன்னிக்குப் பேசினது ஆத்தா இல்லை. நான். ஒரு விளையாட்டுக்காகப் பேசினேன். ஆத்தா மேல சத்தியம்."

நல்லம்மா 'ஐயோ' என்று வாயைப் பொத்திக்கொண்டார். அழகரின் முகத்தில் கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகம் தெரிந்தது.

"விளையாட்டா? இந்த மலை எறங்கும்னு விளையாட்டுக்குச் சொல்லுவாங்களா புள்ள? இந்தப் பேச்செல்லாம் உன் வயசுக்கு எங்கேருந்து வந்துச்சு? ஆத்தா சொல்லாம உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க சொன்னதுதான் மாமா."

"நானா?"

"முத்தையா தாத்தா எழவு வீட்டுல. மழை பேஞ்சுச்சு. ஜெஸீம் நானா வெளிய மாலையோட நின்னாரு. நீங்க உள்ள உக்காந்து சொன்னீங்க, வேத்தாளுங்களை எறக்கலேன்னா மலை எறங்கும்னு. நான் தேத்தண்ணி குடுத்துக்கிட்டு இருந்தேன்."

சூடம் எரிந்துகொண்டிருந்தது. தனுஜா கையை இறக்கவில்லை.

"கால் பட்டா கொழுந்து தளிர்க்காதுன்னு சொன்னது கலாராணி அக்கா. குழாயடியில. நாம வெட்டின ரோட்டுல வந்து நம்மகிட்டயே விக்கிறாங்கன்னு நம்ம சதீஸ்குமார் யூனியன் மீட்டிங்குல பேசினாரு, நீங்க எல்லாரும் கை தட்டுனீங்க. உருவம் இல்லாத சாமிக்குக் கண்ணும் இல்லைன்னு சொன்னது…" அவள் நல்லம்மா நின்ற பக்கம் திரும்பினாள். "எங்கம்மா."

ஒவ்வொரு பேருக்கும் ஒரு தலை குனிந்தது. கலாராணி முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். சதீஸ்குமார் ஏதோ அவசரம் போலப் போனை எடுத்துப் பார்த்தான். அடுத்தது என் பேராக இருக்குமோ என்று நானும் குனிந்துதான் நின்றேன். வரவில்லை. வராததற்கு நான் யோக்கியன் என்று அர்த்தமில்லை, அவள் காதில் விழவில்லை என்றுதான் அர்த்தம்.

சூடம் கரைந்து கறுப்பாகி அணைந்தது. உள்ளங்கையில் தோல் வெந்திருந்தது. பூசாரி விபூதித் தட்டை நீட்டினார், அவள் வாங்கவில்லை.

அழகர் ஆத்தாவின் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். அந்த மனிதரை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். முரட்டுப் பிடிவாதக்காரர், ஆனால் சத்தியத்துக்குப் பயந்தவர். திரும்பி வந்து, கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்:

"சரி. ஆத்தா ஒண்ணும் சொல்லல. இப்ப நாமதான் சொல்லணும். கடையைக் காலி பண்ணணும்னு நெனைக்கிறவங்க முன்னுக்கு வந்து, இன்னாரு மகன் இன்னாரு, நான் சொல்றேன்னு பேரைச் சொல்லிச் சொல்லுங்க. நான் கேட்டுக்கிறேன்."

யாரும் அசையவில்லை. கொளுத்துவோம் என்ற பொடியன்கள் ஒருத்தனுக்குப் பின்னால் ஒருத்தன் ஒளிந்தார்கள். ஆத்தா பேரில் சொல்ல நூறு வாய் இருந்தது, சொந்தப் பேரில் சொல்ல ஒன்றுகூட இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, வெட்கமாகவும் இருந்தது.

"அப்ப சரி" என்றார் அழகர். படியைப் பார்த்து, "ஜெஸீம், நீங்க கடையைத் தொறங்க" என்றார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வராது, அன்றைக்கும் வரவில்லை.

கூட்டம் கலையத் தொடங்கியது. ஆளுக்கு ஆள் முகம் பார்க்காமல் குடையை விரித்துக்கொண்டு இறங்கினார்கள். ஜெஸீம் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். தனுஜா கையைப் பிடித்துக்கொண்டு அவரைத் தாண்டப் போனாள்.

"தனு."

அவள் நின்றாள்.

"எல்லாத்துக்கும் ஆள் சொன்ன. ஒண்ணு விட்டுட்ட" என்றார். குரலில் கோபம் இல்லை. "சிரிச்சுக் குடுக்கிறவன் கையை நம்பாதேன்னு. சிரிப்புக்கு அடியில எடை போடுறான்னு. பொடியனுங்க அதைத்தான் கடை வாசல்ல நின்னு கத்தினானுங்க. அது யாரு சொன்னது?"

இறங்கிக்கொண்டிருந்த சிலர் நின்று திரும்பிப் பார்த்தார்கள். தனுஜா யோசித்தாள். குழாயடி, எழவு வீடு, பெரட்டு, பஸ் என்று எல்லாவற்றையும் அவள் மனசுக்குள் தேடுவது முகத்தில் தெரிந்தது. யாராவது ஒருத்தர் கிடைக்கமாட்டாரா என்று அவள் தவித்ததை நான் பார்த்தேன். 'யாரோ சொன்னாங்க நானா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும், அவரும் நம்பியிருப்பார். அவள் சொல்லவில்லை.

"யாரும் சொல்லல நானா" என்றாள். கண்ணீர் கொட்டியது. "அது நான்தான். நானே நெனச்சு நானே சொன்னது."

ஜெஸீம் தலையை ஆட்டினார். செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டார். சாவிக்கொத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மழைக்குள் இறங்கினவர், ஒரு படி கீழே நின்று, திரும்பாமலே சொன்னார்:

"மத்தவங்க சொன்னது எனக்கு வலிக்கல புள்ள."